கோபோ டூல்பாக்ஸ்: தக்காளி மண்டிக்கு எடுத்துப்போகத் தகுந்ததா?

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயிகளுக்கு ஆப் செய்ய நினைப்பவர்கள், ஒரு ஸ்கிரீன்கூட வரைவதற்கு முன் ஏழெட்டுப் பேரிடமாவது உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சைப் பதிந்துவைக்க, படிவம் செய்து களத்தில் தகவல் சேகரிக்க உதவும் கோபோ டூல்பாக்ஸ் அருமையான கருவி. ஆனால் இதை சர்வே எடுக்க அல்ல, குறிப்பேடாகப் பயன்படுத்துங்கள்.

பெரிய பலம், நெட் இல்லாமலே ஓடுவது. அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் சிக்னலை நம்ப முடியாது. கூகுள் ஃபார்ம்ஸ் அங்கே உதவாது. கோபோவின் போன் ஆப்பான கோபோகலெக்ட்டில் படிவத்தை முன்பே இறக்கிக்கொண்டால், நிரப்பியது போனிலேயே இருக்கும், நெட் வந்ததும் அனுப்பிவிடலாம். ஒரே படிவத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வைக்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

பேட்டி முழுவதையும் பின்னணியில் ஒலிப்பதிவு செய்யும் வசதியும் உண்டு. அனுமதி கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். படிவத்தை எக்செல் கோப்பாக எழுதும்போது ஒலியின் தரத்தை 'வாய்ஸ்-ஒன்லி' என்று வைத்தால் மணிக்குச் சுமார் 5 எம்பிதான் ஆகும். ஆனால் மண்டி இரைச்சலில் குரல் கலங்கிவிடும். 'லோ' வையுங்கள்; மணிக்கு 11 எம்பி, பேச்சு புரியும்.

சறுக்கல் எங்கே என்றால், டிக் அடிக்கும் கேள்வி செய்வது இதில் ரொம்ப சுலபம். முப்பது கேள்வி போட்டு, "இப்படி ஒரு ஆப் வந்தா பயன்படுத்துவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாங்க" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, அதை நம்பி டிசைன் செய்ய முடியாது. கேள்வி ஐந்தாறு போதும், எல்லாம் நடந்ததைப் பற்றி: "போன தடவை எந்த மண்டிக்குப் போட்டீங்க? ஏன் அங்க? விலை எப்பத் தெரிஞ்சது?" லோடு இறங்கி, சீட்டு கையில் வந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது.

கடைசிக் கேள்வி போட்டோவாக இருக்கட்டும்: மண்டிச் சீட்டு, பெயரையும் நம்பரையும் மறைத்து. எடை, கமிஷன், இறக்குகூலி, முன்பணக் கழிவு என்று ஒவ்வொரு வரியும் டிசைனுக்குத் தீனி. மண்டியில் முன்பணம் வாங்கியவர் பக்கத்து மண்டியில் விலை கூடுதல் என்று தெரிந்தாலும் அங்கே போட முடியாது. அவருக்கு விலை ஒப்பிடும் ஸ்கிரீன் வீண். இதுவரை எவ்வளவு கழிந்தது, பாக்கி எவ்வளவு என்ற கணக்குதான் வேண்டும். டிக் கேள்வியில் இது ஒருநாளும் வெளிவராது. படிவத்தில் மேக்ஸ்-பிக்சல்ஸ் (படத்தின் நீளப் பக்கத்துக்கான உச்ச அளவு) 1024 என்று கொடுத்தால் படம் சிறிதாகி சீக்கிரம் ஏறும். பொடி எழுத்து தெரிகிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. டிராஃப்டாகச் சேமித்தது தானாகப் போகாது. அனுப்புவதற்குள் போன் தொலைந்தால் தரவும் போச்சு. படிவத்தைத் திருத்தினால் மறுபடி டிப்ளாய் செய்து (பயன்பாட்டுக்கு வெளியிட்டு), எல்லாப் போன்களிலும் புதிதாக இறக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவர் பழைய கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்பார். கேள்வியின் உள்பெயரை (தரவு அட்டவணையில் தலைப்பாக வருவது) மாற்றினால் பதில்கள் அட்டவணையில் இரண்டு பத்திகளாகப் பிரியும். கேள்வியின் வாசகத்தை மட்டும் மாற்றுங்கள். ஆப் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே, ஐபோனில் பிரவுசர் படிவம்தான். இலவசக் கணக்கில் சேமிப்புக்கு வரம்பு இருப்பதால், ஒலிப்பதிவுகளை அவ்வப்போது கணினியில் இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவிடுங்கள்.