தீபாவளிக்கு ஊருக்குப் பறப்பதா, சிங்கப்பூரிலேயே இருப்பதா?

புரட்டாசி பிறந்தால் போதும், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வி வந்துவிடும்: "தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சா?" ஒன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஊருக்குப் போயும் கொண்டாடியிருக்கிறேன், இங்கேயே இருந்தும் பார்த்திருக்கிறேன், அப்பா அம்மாவை ஒரு தடவை இங்கே வரவழைத்தும் பார்த்தாயிற்று.

முதலில் ஊருக்குப் போவது. திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரப் பயணம்தான். தூரம் ஒரு பொருட்டே இல்லை, லீவுதான் பிரச்சினை. சிங்கப்பூரில் தீபாவளிக்கு ஒரே ஒரு நாள்தான் பொது விடுமுறை. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் லீவு போட்டால், முந்தின நாள் ராத்திரி போய் இறங்கி மறுநாள் கிளம்ப வேண்டும். டிக்கெட்டுக்கு நான் ஒரு தடவை வழக்கமான விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன். அந்த வருஷம் பார்த்து விமானம் ஆறு மணி நேரம் தாமதம். வீட்டுக்குள் நுழையும்போது விடியற்காலை மூன்று. முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாகிவிட்டது, அதிரசம் அடுக்கியாகிவிட்டது. வேலையெல்லாம் முடிந்த வீட்டில் விருந்தாளி மாதிரி போய் நின்றேன்.

எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி. பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் 2018லிருந்து காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என இரண்டே மணி நேரம்தான் (எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்த்துத் திரி கொளுத்துவதில்லை என்பது வேறு விஷயம்). மத்தியானம் கறிச்சோறு தின்று தூங்கி எழுந்தால் பெட்டி கட்டும் நேரம். எனக்கு வேண்டியிருந்ததே அந்த முந்தின நாலு நாள். மாவு மில் வரிசையில் நிற்பது, அம்மா அச்சில் பிழியப் பிழிய நான் எண்ணெயிலிருந்து அரித்தெடுப்பது. முதல் ஈடு எப்போதும் கொஞ்சம் கருகும், அதைத் தின்று தீர்ப்பது சின்ன வயசிலிருந்து என் பொறுப்பு. அதைத் தவறவிட்டுவிட்டு அவ்வளவு காசு கொடுத்தது இப்போதும் உறுத்துகிறது.

இங்கேயே இருந்தால்? வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியா பக்கம் சிராங்கூன் ரோட்டில் வாரக்கணக்கில் விளக்கலங்காரம், கேம்பல் லேனில் கடைகள், முந்தின நாள் ராத்திரி தேக்காவில் காலை ஊன்ற இடம் கிடைக்காது. வெடி மட்டும் கிடையாது, 1972லேயே தடை செய்துவிட்டார்கள். கம்பி மத்தாப்போடு சரி.

வெறிச்சோடுவது வீட்டுக்குள்தான். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே ஆறு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நின்றால் ஊரில் மூணரை. அம்மாவைக் கூப்பிடவும் முடியாது, கூப்பிடாமல் இட்லியில் கை வைக்கவும் மனசு வராது. ஒரு வருஷம் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டேன். "அதுக்குள்ள குளிச்சிட்டியா தம்பி? வெந்நி வெச்சியா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள். ஆனால் இதற்கும் வழி உண்டு. தனியாக இருக்காதீர்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் முறுக்கு சுட்டால் முக்கால்வாசி தீபாவளி வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு ஒரு டப்பா கொடுத்துப் பாருங்கள், சீனப் புத்தாண்டுக்கு அதே டப்பாவில் அன்னாசி டார்ட் வரும்.

பெற்றோரை வரவழைப்பது கேட்க நன்றாக இருக்கும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதாவது தீபாவளிக்கு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் எனும் வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி வாங்க மாதம் 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும், மற்றவர்களுக்குக் குறுகிய கால விசாதான். அது போகட்டும். அப்பா இரண்டே நாளில் கீழ்த்தளத்தில் பேச்சுத்துணை பிடித்துவிட்டார். அம்மாதான் பன்னிரண்டாவது மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "நம்ம வாசல் இருட்டாக் கெடக்குமேடா" என்றாள். பண்டிகை நாளில் வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தது அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஜூன் மாதம் கூட்டிவாருங்கள், பறவைப் பூங்கா, செந்தோசா என்று சுற்றலாம்.

ஆக என் கணக்கு இது: தீபாவளிக்கு இங்கே, பொங்கலுக்கு ஊர். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை இல்லை, வருடாந்திர லீவில்தான் போக வேண்டும். ஆனால் ஒரு வாரம் போட்டால் போகிக்கு முன்பே போய்ச் சேர்ந்து, வெள்ளையடிப்பதிலிருந்து மாட்டுக்குக் கொம்பு சீவுவது வரை எல்லாவற்றிலும் நாமும் இருக்கலாம். தலைதீபாவளி என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, பேசாமல் டிக்கெட் போடுங்கள். 2026 போல ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வந்து திங்களும் விடுமுறையானால் யோசிக்கலாம். தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு முதலாளி லீவு தரும் நாள்தான் பண்டிகை. அவர்களிடம் போய் இந்த ஒப்பீட்டையெல்லாம் நீட்ட முடியாது.

போன தடவை பொங்கலுக்குத்தான் வருவேன் என்று போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அதிரசத்துக்கு அப்பவே மாவு இடிச்சுக்கறேன்" என்றாள்.