பிஎம்ஐயா, இடுப்புச் சுற்றளவா?

உடல் பருமனை அறிய, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ, இடுப்புச் சுற்றளவு இரண்டில் எதை நம்புவது என்று நாகர்கோவிலில் காலை நடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

செலவு: பிஎம்ஐக்கு எடை மெஷின் வேண்டும். இடுப்புக்குத் தையல் டேப் போதும்.

முறை: பிஎம்ஐக்கு, கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். டேப்பை மூச்சு விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றவும்.

எல்லை: இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23. இடுப்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80.

நம்பகம்: இதில்தான் விஷயமே. குளச்சலில் வலை இழுக்கும் என் மச்சானுக்கு உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ, பிஎம்ஐ 26. இடுப்போ 82தான், அத்தனையும் தசை. கடையில் உட்கார்ந்தே இருக்கும் அண்ணனுக்கு பிஎம்ஐ 22, இடுப்பு 94, சர்க்கரையும் வந்துவிட்டது. தசையையும் கொழுப்பையும் பிஎம்ஐ பிரித்துப் பார்க்காது.

எடை மாறுவதைக் கவனிக்க பிஎம்ஐ சரி. சர்க்கரை, இதயம் பற்றிய பயம் இருந்தால் டேப்பை எடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் வேண்டாம்.