பேக்கப் மென்பொருளின் டிரைவரே கம்ப்யூட்டரை எழவிடாமல் செய்தால்: சில வருட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் எல்லாம் எடுப்பது உண்டு. ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பது, சுற்றுவட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு, அதாவது வீட்டுக் குடியிருப்புகளுக்கு, வந்தவர்கள் ஸ்கேன் பண்ணக் கொண்டுவரும் பழைய படங்களைத்தான். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் பாட்டி, பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போகிறவர்கள் வாளியோடு வரிசையாக நிற்பது, செம்பனை நட அழித்துவிட்ட லயத்தின் கோயில் திருவிழா. பல வீடுகளில் அசல் படம் கரையான் தின்று போய்விட்டது. அதனால் பேக்கப் விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்தான்.

பெயர் சொல்லவில்லை. டிஸ்க்கை முழுசாக இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், எடுத்து, பிறகு தினமும் மாறியதை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வகை. சில வருடமாக ஓடுகிறது. ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து கரண்ட் ட்ரிப் ஆகி ஹார்ட் டிஸ்க் செத்தபோது, ஈப்போவில் இருந்து புது எஸ்எஸ்டி வாங்கி வந்து மாட்டி, இமேஜை இறக்கி, அன்று சாயங்காலமே வேலையைத் தொடர்ந்தேன். ஒரு படம்கூடக் குறையவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் புது வெர்ஷன் வந்தது. அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். நீலத்திரை, அழுமூஞ்சி, கீழே 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்'. எண் சொல்வதானால் 0எக்ஸ்7பி. திரும்பவும் அதே. சேஃப் மோடிலும் அதே. ஊரில் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் போயிருக்கும்ணே, ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரிப்பேர் திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தால் என் ஃபோல்டர்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. டிஸ்க் செத்திருந்தால் எப்படித் தெரியும்?

என்ன நடந்தது என்றால், இந்த மாதிரி மென்பொருள்கள் டிஸ்க்கில் எந்தப் பகுதி மாறியது என்று கண்காணிக்க ஒரு ஃபில்டர் டிரைவரை, அதாவது விண்டோஸுக்குள் ஓடும் ஒரு சின்ன நிரலை, போடுகின்றன. அது விண்டோஸுக்கும் டிஸ்க் வால்யூமுக்கும் (சி டிரைவ் மாதிரியான பகுதிக்கும்) நடுவில் உட்காரும், வாசலில் காவல்காரன் மாதிரி. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற பட்டியலில் அதன் பெயர் இருந்தால், அது ஏறாமல் வால்யூம் திறக்காது. என் விஷயத்தில் புது வெர்ஷன் பழைய டிரைவர் கோப்பை அழித்துவிட்டு வேறு பெயரில் புதியதைப் போட்டிருக்கிறது, ஆனால் பட்டியலில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டது. இல்லாத ஆளை விண்டோஸ் தேடுகிறது, கிடைக்கவில்லை, சி டிரைவ் திறக்கவில்லை, நீலத்திரை. சேஃப் மோடும் இதே பட்டியலைப் படிப்பதால் அங்கும் தப்பிக்க வழியில்லை. டிஸ்க்கையே தொட முடியாத இந்த நிலையில் மினிடம்ப் கோப்பும் (நீலத்திரைக்கான காரணத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு) விழாது, எனவே அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி செய்த விதம். விண்டோஸ் தானாக ரிப்பேர் திரைக்கு வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இங்கே ரெகவரி கீ கேட்கும், அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பது நல்லது. இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். எக்ஸ் என்று தெரிவது ரிப்பேர் சூழலே தவிர உங்கள் விண்டோஸ் இல்லை. எதில் உங்கள் ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்த டிரைவின் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள 'சிஸ்டம்' கோப்பை (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இதில்தான் இருக்கிறது) முதலில் ஒரு பிரதி எடுத்தேன். 'ரெக்பேக்' ஃபோல்டரில் பழைய பிரதி இருக்கும், அதை எடுத்துப் போடு என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 10 இன் 1803 வெர்ஷனில் இருந்து அது தானாக நிரம்புவதில்லை, வெறும் பூஜ்யம் கேபி கோப்புகள்தான் இருக்கும்.

அடுத்து ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட். எச்கே லோக்கல் மெஷினையோ எச்கே யூசர்ஸையோ தேர்ந்தெடுத்தால்தான் 'லோட் ஹைவ்' வேலை செய்யும் (ஹைவ் என்பது ரெஜிஸ்ட்ரிக் கோப்பு), நான் முதலாவதை எடுத்தேன். அந்த சிஸ்டம் கோப்பை ஏதாவது ஒரு பெயரில் ஏற்றினால் 'கரன்ட் கன்ட்ரோல் செட்' என்று ஒன்றும் அதில் தெரியாது, பயப்பட வேண்டாம், 'செலக்ட்' என்பதில் கரன்ட் 1 என்று இருந்தால் 'கன்ட்ரோல்செட்001'தான் நமக்கு வேண்டியது. அதற்குள் கன்ட்ரோல், கிளாஸ் போய், 71ஏ27சிடிடி என்று தொடங்கும் வால்யூம் வகுப்பைத் திறந்தேன். அப்பர்ஃபில்டர்ஸில் இரண்டு வரிகள். ஒன்று 'வால்ஸ்னாப்', அது விண்டோஸின் சொந்தக்காரன், கை வைக்கவே கூடாது. மற்றதன் பெயரை டிரைவர்ஸ் ஃபோல்டரில் தேடினால் அப்படி ஒரு கோப்பே இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தேன், ஹைவை அன்லோட் செய்தேன், ரீஸ்டார்ட். லாகின் திரை வந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் சர்வீசஸில் போய் டிரைவரின் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்கினால், அதாவது முடக்கினால், போதும் என்று சில இடங்களில் படித்தேன். பட்டியலில் பெயர் இருக்கும்போது அதை மட்டும் செய்தால் நல்ல கம்ப்யூட்டரும் இதே மாதிரி படுத்துவிடும். வரியை எடுப்பதுதான் முதல் வேலை, முடக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கம்பெனிக்கு எழுதினேன், அடுத்த வெர்ஷனில் சரி செய்துவிட்டதாகப் பதில் வந்தது. எனக்குக் கோபம்தான். விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது அதன் மையப் பகுதிக்குள், கோப்பு போடுகிறவர்கள் இன்ஸ்டாலரை இவ்வளவு அசட்டையாக எழுதலாமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்ததை உலகமே பார்த்ததுதானே.

இருந்தாலும் மென்பொருளை மாற்றவில்லை, காரணம் அதன் ரீஸ்டோர் என்னை ஏமாற்றியதில்லை. அந்தக் கண்காணிப்பு டிரைவரை மட்டும் செட்டிங்கில் நிறுத்திவிட்டேன். விண்டோஸின் சொந்த ஸ்னாப்ஷாட்டை வைத்தே இமேஜ் எடுக்கிறது. மாறியதைக் கண்டுபிடிக்க டிஸ்க் முழுவதையும் படிப்பதால் சில நிமிட வேலை இப்போது ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட இழுக்கிறது. கடை மூடிய பிறகு ஓடுவதால் எனக்கு அது பெரிய விஷயமில்லை, இரவும் பகலும் வேலை நடக்கும் ஆபீஸுக்கு இது ஒத்துவராது. பேக்கப்புக்கான 3-2-1 கணக்கைப் பரப்பியவர் பீட்டர் குரோக், அவரும் புகைப்படக்காரர்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். என் வெளியிடப் பிரதி கோலகங்சாரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் இந்த டிரைவரை நிறுத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் வேறு பாருங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மீட்பு யூஎஸ்பி ஒன்று செய்து, அதில் ஒருமுறை பூட் செய்து பார்த்துவிடுங்கள். வெர்ஷன் மாற்றிய உடனே ரீஸ்டார்ட் கொடுக்காமல், அப்பர்ஃபில்டர்ஸில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டரில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.