துன்ஹுவாங்கா, சமர்கந்தா?

பட்டுப்பாதையில் ஒரே ஊருக்குத்தான் போக முடியும் என்றால் நான் துன்ஹுவாங்கைத்தான் சொல்வேன். சீனாவின் கான்சு மாகாணத்தில், கோபி பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்குள்ள மொகாவ் குகைகள் பாறையில் குடைந்த பௌத்தக் கோயில்கள்; அவற்றில் முதலாவது கி.பி. 366-இல் குடையப்பட்டதாகச் சொல்கிறார்கள். பிறகு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பணி ஓயவில்லை. பாலைவனத்தைக் கடக்கும் முன் உயிர்ப்பயத்தோடும், கடந்து வந்தபின் நன்றியோடும் வணிகர்கள் கொடுத்த பொருளும் அந்தச் சுவர்களில் வண்ணமாகப் படிந்திருக்கிறது. ஓவியங்களும் சிற்பங்களும் கொண்ட 492 குகைகள் எஞ்சியிருக்கின்றன. ஊருக்குப் பக்கத்திலேயே மணல்மேடுகள் சூழ்ந்த பிறைவடிவ ஏரி. கலையும் இயற்கையும் இவ்வளவு நெருக்கமாக அமைவது அபூர்வம். குகைகளுக்கு டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதே, கண்கள் நிதானமாகப் பார்க்கும்.

உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் இயற்கைக் காட்சி குறைவு; அது கட்டடங்களின் ஊர். ரெகிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களும் நீல ஓடுகளில் மாலை வெயிலை வாங்கி மின்னும். அவற்றில் மூத்ததைக் கட்டிய உலுக் பேக் 1,018 விண்மீன்களை அட்டவணைப்படுத்திய அரசர். அவருடைய வானாய்வகத்தின் எச்சத்தையும் தவறவிடாதீர்கள். முதியவர்களோடு போகிறவர்களுக்குச் சமர்கந்தே எளிது.