அப்பாவின் ஹேர்னியா ஒப்பரேஷனும் ஒரு கப் பால்தேத்தண்ணியும்

யாழ்ப்பாணம் டவுனுக்குள் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஹேர்னியா (குடலிறக்கம்) ஒப்பரேஷன் செய்தோம். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த திகதி தூரத்தில் இருந்தது, அதற்குள் நோ கூடிவிட்டது, சரி என்று காசைக் கட்டி இங்கே போனோம். வெட்டுகிற டொக்டர் யார் என்று பத்துப் பேரிடம் விசாரித்தோம். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதில் நான் எழுதப்போவது அவரைப் பற்றித்தான்.

முதல் நாள் பின்னேரம் கட்டிலடிக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். முந்தி ஒப்பரேஷன் செய்ததா, சொந்தத்தில் யாருக்கும் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா, படி ஏறினால் மூச்சு வாங்குதா, ஆடுகிற பல் இருக்கா, கட்டுப்பல்லா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுருட்டுப் பத்துவீர்களா என்றதற்கு அப்பா "எப்பவாவது" என்றார், பின்னால் நின்ற அம்மா நாலு விரலைக் காட்டினார். டொக்டர் நாலு என்றே எழுதிக்கொண்டார்.

இதில் ஒரு குறை. ரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்வதென்றால் (அப்பாவுக்கும் அதுதான்) சில குளிசைகளை நாட்கணக்கில் முன்பே நிறுத்தவேண்டி வரும், முதல் நாள் பின்னேரம் வந்து கேட்டு என்ன பயன்? அப்பா அந்தக் குளிசை குடிப்பதில்லை, தப்பினோம்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத் தியேட்டர். வாசலில் வைத்து நேர்ஸ் திரும்பவும் கேட்டபோதுதான் மனுசன் ஐந்து மணிக்கு பிளாஸ்கில் இருந்த பால்தேத்தண்ணியைக் குடித்தது வெளியே வந்தது. "சாப்பிடக்கூடாது எண்டுதானே சொன்னவை, நான் தேத்தண்ணிதான் குடிச்சனான்" என்கிறார்! தண்ணீர், வெறுந்தேத்தண்ணி என்றால் இரண்டு மணித்தியாலம் போதுமாம். பால் சேர்ந்தால் ஆறு. ஒப்பரேஷனை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டார்கள், ஒரு நாள் றூம் காசு எங்கள் தலையில். முதுகில்தானே ஊசி, வயிறு ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று நானும் கொஞ்சம் சத்தம் போட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை. முதுகு ஊசி சிலருக்குச் சரியாகப் பிடிக்காது, அப்போது முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும், அந்த நேரம் வயிற்றில் கிடப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆளே போகலாம் என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் தியேட்டருக்குள் பேரையும் எந்தப் பக்கம் என்பதையும் மூன்று தரம் கேட்டார்களாம், "என்ன, மறதிக்காரரோ" என்று அப்பா சிரித்தார். அது உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல், மயக்குமுன், வெட்டுமுன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுபோகுமுன் என்று மூன்று கட்டம். எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் இறப்பு 1.5 வீதத்தில் இருந்து 0.8 வீதமாகக் குறைந்திருந்தது. வெறும் ஒரு தாள்தான்.

ஊசி போட்டதும் கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி, விரலில் கிளிப், கையில் பிறஷர் பட்டி, தலைமாட்டில் அதே டொக்டர் கடைசிவரை இருந்தாராம். இரவு சலம் போகவில்லை. அதுவும் இந்த ஊசிக்கு வரக்கூடியதுதான், வயது போன ஆம்பிளைகளுக்குத்தான் கூடுதலாக வரும். ஆனால் அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அம்மா பயந்து அழுதுவிட்டார். இரவு நேர்ஸ் வந்து குழாய் போட்டுச் சரிப்படுத்தினார், அடுத்த நாள் பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம், கையெழுத்து வைக்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பில்லில் மயக்க மருந்துக்கு ஒற்றை வரி, எதற்கு எவ்வளவு என்று இல்லை. கன்ரீன் பக்கம் போகவேண்டாம்.

ஐந்துக்கு நாலு. கட்டிலில் "பால்தேத்தண்ணியும் கூடாது" என்று தமிழில் ஒரு மட்டை தொங்கவிட்டிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் காசு மிஞ்சியிருக்கும்.