ஆன்கிடிராய்டு: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மறக்கவிடாத செயலி

தண்டையார்பேட்டையில் எங்களோடு இருந்து நீட் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் புதிய பாடங்கள் அவ்வளவு அச்சம் தரவில்லை. முந்தைய ஆண்டு நன்றாகப் படித்து முடித்த விலங்குலகமும் தாவர உலகமும் டிசம்பருக்குள் கரைந்துபோயிருந்ததே அவளைக் கலங்க வைத்தது. "அக்கா, புத்தகத்தைத் திறந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, மூடினா ஒண்ணும் வரல" என்றாள். 180 நிமிடத்தில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டிய தேர்வில், அரைகுறை நினைவோடு தவறாகக் குறித்தால், வந்திருக்க வேண்டிய 4 மதிப்பெண் போவதோடு கையிலிருக்கும் ஒன்றும் கழிகிறது. அதற்காக நாங்கள் ஓராண்டாகப் பயன்படுத்திவரும் செயலியைப் பற்றியே இந்த மதிப்புரை.

வினா-விடை அட்டைகளைக் கொண்டு நினைவைப் பழக்கும் ஆன்கி என்னும் மென்பொருளின் ஆண்ட்ராய்டு வடிவம் இது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, இணையம் இல்லாமலும் இயங்கும். ஐபோனுக்கான ஆன்கி மட்டும் விலைக்கு வருகிறது. அட்டையின் ஒரு பக்கம் வினா, மறுபக்கம் விடை. நினைவிலிருந்து விடையைச் சொல்லிப் பார்த்து, வந்ததா, தடுமாறியதா என்று நாமே பொத்தானை அழுத்தினால், தடுமாறிய அட்டை விரைவில் திரும்பும். எளிதாக வந்தது சில நாள், சில வாரம், சில மாதம் எனத் தள்ளிப் போகும்.

மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட இது ஏன் பயன் தருகிறது என்பதற்கு, உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம். ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்களும், ஒரு முறை வாசித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஐந்து நிமிடம் கழித்துச் சோதிக்கப்பட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு 40 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் நின்றன. என் தங்கை ஏமாந்தது அந்த முதல் ஐந்து நிமிடத்தை நம்பித்தான்.

ஆனால் செயலியின் பயன் முழுவதும் அட்டை எழுதும் விதத்தில் இருக்கிறது. "மெல்லுடலிகளின் பண்புகளைக் கூறுக" என்று நாங்கள் முதலில் எழுதிய அட்டையில் ஏழு விடைகள் இருந்தன. ஐந்து வந்து இரண்டு வராதபோது எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதை ஏழு அட்டைகளாகப் பிரித்தோம். காசிமேட்டில் வாங்கிவரும் கணவாயையும் கடம்பாவையும் மீன் என்றே சொல்லிப் பழகியவளுக்கு, "கணவாய் எந்த விலங்குத் தொகுதி?" என்ற ஒற்றை வினாவுக்கு 'மெல்லுடலி' என்ற விடை ஒருநாளும் தவறவில்லை, சுறா குருத்தெலும்பு மீன் என்பதும் அவ்வாறே நின்றது. தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் சேர்ந்தே அச்சாகிறது, மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதியானது என்பதால், மெல்லுடலிகளோடு மொலஸ்காவையும், முட்தோலிகளோடு எக்கைனோடெர்மேட்டாவையும் ஒவ்வோர் அட்டையிலும் சேர்த்தே எழுதினோம். புரியாத பாடத்தை அட்டையாக்கக் கூடாது என்பதையும் பட்டே அறிந்தோம். செல் சுவாசத்தில் வரும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியைப் படம் போட்டு விளங்கிக்கொள்ளும் முன் எழுதிய அட்டைகளை எல்லாம் அழிக்க வேண்டியிருந்தது.

இயற்பியலுக்கு இச்செயலி போதாது. சூத்திரமும் அலகும் நிற்கும். கணக்குப் போடும் கை, நோட்டில்தான் பழக வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் ஓர் அமைப்பை மாற்றிக்கொள்வது நல்லது. நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்பது செயலியில் முன்பே வைத்திருக்கும் அளவு. பள்ளியும் பயிற்சி வகுப்பும் உள்ள மாணவிக்கு அது மிகுதி என்பதே என் கருத்து, ஏனெனில் இன்றைய புதிய அட்டை ஒவ்வொன்றும் இனிவரும் பல நாள்களின் வேலையாகிறது. நாங்கள் எட்டாகக் குறைத்தோம். பாரிமுனைக்குப் பேருந்தில் போய்வரும் நேரத்திலேயே பெரும்பாலும் முடித்துவிடுகிறாள். பொங்கலையொட்டி பத்து நாள் திறக்காமல் விட்டதில் அறுநூறுக்கு மேல் குவிந்து, அழுதே விட்டாள். புதிய அட்டைகளை முற்றிலும் நிறுத்தி, குவிந்தவற்றில் நாளுக்கு எண்பது என்று பிரித்துக் கொடுத்தேன். ஜனவரி முடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டாள்.