மும்பையில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஏர்பேக் விளக்கை அணைத்துக் காட்டி 23,800 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

23,800 ரூபாய். ஏர்பேக் ரிப்பேர் என்று சொல்லி என்னிடம் வாங்கிய பணம். ரிப்பேர் நடக்கவே இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. பணத்தைக்கூட விடுங்கள். என் மகள் உட்காரும் சீட்டின் ஏர்பேக்கை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு, எல்லாம் சரி என்று சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது ஆப் வழியாகத்தான் காரை ரிப்பேருக்கு விடுகிறார்கள். அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எதையும் போடவில்லை. பக்கத்துக் கராஜில் வேலைக்கு ஏற்பாடு செய்து தரும் கார் சர்வீஸ் ஆப் ஒன்று, குர்லா பக்கம் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் கராஜ் ஒன்று. இதுவரைக்கும் சொல்லலாம்.

ஜூலை மழையில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றபோது கார் மாட்டிக்கொண்டது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து தரைக் கார்ப்பெட் ஊறிவிட்டது. காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நாள் கழித்து டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. சாவி போட்டதும் அது சில நொடி எரிந்து அணைவது வழக்கம். அணையாமல் நின்றால் ஏர்பேக் சர்க்யூட்டில் எங்கோ கோளாறு, இடி வாங்கும்போது பை விரியும் என்று நம்பியிருக்க முடியாது. நம் நாட்டில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்தான் கட்டாயம். பக்கவாட்டு ஏர்பேக் வேண்டும் என்பதற்காகவே கூடப் பணம் போட்டு மேல் வேரியன்ட் எடுத்தவர்கள் நாங்கள். தள்ளிப்போட மனம் வரவில்லை. ஆப்பில் புக் செய்தேன், ஆள் வந்து வண்டியை எடுத்துப் போனார்.

கராஜிலிருந்து போன் வந்தது. இந்தியில் ஆரம்பித்தவர் என் பேச்சைக் கேட்டதும், "அக்கா, நீங்க தமிழா?" என்றார். திருநெல்வேலிப் பக்கமாம். என் அம்மா ஊர் அம்பாசமுத்திரம் என்றதும் குரலே மாறிவிட்டது. "அப்பம் நம்ம ஆளுவதான். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்." நேரில் போனபோது ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், கட்டிங் சாய் வரவழைத்தார். காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இடது சைடு ஏர்பேக் சர்க்யூட், ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்குத் தடை) அதிகம் என்று கோளாறு கோட் நம்பர் வந்திருந்தது. "தண்ணி போயி மாட்யூல் (ஏர்பேக்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) அடிபட்டுட்டுக்கா. புதுசு போட்டா அறுபதாயிரம் ஆவும். உங்களுக்காக இதையே அனுப்பி ரிப்பேர் பண்ணித் தாரேன். கூட அந்த சைடு சென்சாரும் மாத்தணும். நம்ம ஊர்க்காரவுககிட்ட நான் காசு பாப்பனா?"

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நம்பினேன். மும்பையில் எத்தனை வருஷம் இருந்தாலும் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தால் மனசு இளகத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசியிருக்கிறார்.

மாட்யூல் ரிப்பேர் 14,500, சென்சார் 6,500, லேபர் 2,800. மொத்தம் 23,800 ரூபாயை ஆப்பிலேயே கட்டினேன், ஜிஎஸ்டி பில்லும் வந்தது. சாவி போட்டுக் காட்டினார், விளக்கு எரிந்து அணைந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கணபதி விடுமுறை முடிந்த சமயம், மகள் சீட்டைப் பின்னால் தள்ளினாள். அந்த நிமிஷமே விளக்கு மறுபடி எரிந்தது.

முதல் போனில், "பேட்டரி லோவா இருக்கும்க்கா, ஓட்டுங்க, தானா அணைஞ்சிரும்" என்றார். அணையவில்லை. அடுத்து, வேலை பார்த்த பையன் லீவு. அப்புறம் ஸ்கேனர் வெளியே போயிருக்கிறது. பிறகு போனையே எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும், "மேடம், ஆப் மே கம்ப்ளெயின்ட் டாலோ" (ஆப்பில் புகார் போடுங்கள்) என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார். தமிழே தெரியாதவர் மாதிரி! அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவருக்கு நான் மேடம் ஆகிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆப்பில் கேட்டால், எலக்ட்ரிக்கல் வேலைக்கு வாரன்டி கிடையாதாம். பில்லிலேயே மூன்று மாத வாரன்டி என்று அச்சாகியிருக்கிறதே என்று போட்டோ அனுப்பினேன். கராஜ் பார்ட்னரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். இரண்டு நாளில் ஒரு மெசேஜ்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. யார் தீர்த்தது, என்ன தீர்த்தது, பதிலே இல்லை.

சரி என்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். அங்கே இருந்த டெக்னீஷியன் மராத்திக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார். ஏன் என்று கேட்டேன். இடித்த வேகத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக மாட்யூலுக்குள் கெப்பாசிட்டரில் கரண்ட் சேமித்து வைத்திருக்குமாம். அது வடிகிறவரை சில நிமிஷம் எதையும் தொடக்கூடாது. குர்லாவில் யாரும் இப்படிக் காத்திருந்து நான் பார்க்கவில்லை.

பிறகு இடது சீட்டின் போல்ட்டைக் கழற்றிச் சாய்த்தார். அடியில் மஞ்சள் கனெக்டர். ஏர்பேக் வயரிங்குக்கு மஞ்சள் நிறம்தான் அடையாளம். கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் செய்த வேலை அவ்வளவுதான். இந்த சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸே இரண்டு மூன்று ஓம் அளவுதான், பின்னில் களிம்பு ஏறினாலே மாட்யூல் கோளாறு என்று காட்டிவிடும். ஆனால் அவர் விரலால் தொட்டுக் காட்டியது வேறு. கனெக்டருக்குச் சற்று முன்னால் இரண்டு வயரையும் வெட்டி, நடுவே அரிசி அளவு ஒரு ரெசிஸ்டரை (ஏர்பேக்கின் அதே அளவு தடை காட்டும் சின்னப் பார்ட்) பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஏர்பேக் இருப்பதாக நினைத்து மாட்யூல் ஏமாறும், விளக்கும் அணையும், ஆனால் பைக்கும் மாட்யூலுக்கும் தொடர்பே கிடையாது. சீட்டைத் தள்ளியபோது பற்று விட்டுப்போய்தான் விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது.

கதவுக்கும் ஆளுக்கும் நடுவே அந்தப் பக்கம் ஒரு சாண் இடம்கூட இல்லை. இடித்த சில மில்லி செகண்டில் பை விரிந்தாக வேண்டும். அந்த சீட்டில் என் மகளை உட்காரவைத்து ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் வாரக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலாவது அவளைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்களே!

மாட்யூலையும் பார்த்துவிடுங்கள் என்றேன். கியர் லீவர் பக்கத்து மூடியைத் திறந்தார். மாட்யூலின் போல்ட் மேல் பேக்டரியில் இழுத்த பெயின்ட் கோடு வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது. கழற்றவே இல்லை. சென்சாரும் கார் வந்த வருஷத்துப் பழையதுதான். தவிர, சென்சார் கெட்டால் வருகிற கோட் நம்பரே வேறாம். கனெக்டரையும் அந்தத் துண்டு வயரிங்கையும் மாற்றி, ஏர்பேக் இடத்தில் சோதனைக்கான டம்மி லோடு (ஏர்பேக்குக்குப் பதிலாக மாட்டும் பார்ட்) மாட்டிப் பார்த்து, அப்புறம்தான் ஏர்பேக்கைச் சேர்த்தார். 4,100 ரூபாய். கனெக்டரை மாற்றினால் முடிகிற வேலைக்கு 23,800 வாங்கி, அதையும் செய்யவில்லை.

போட்டோ எல்லாவற்றையும் ஆப்புக்கு அனுப்பினேன். வேறு இடத்தில் வண்டியைத் திறந்ததால் பொறுப்பேற்க முடியாதாம். அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 23,800 ரூபாய்க்கு, ஒரு பிள்ளையின் உயிருக்கு, 500 ரூபாய் கூப்பன்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, விடப்போவதில்லை.

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். மாற்றினோம் என்றால் பழைய பார்ட்டைக் கையில் கேளுங்கள், ஸ்கேனரில் வரும் கோட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்யூல் என்றதும் பணம் கட்டாதீர்கள், முதலில் சீட்டுக்கு அடியில் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் குடை, தண்ணீர் பாட்டில் திணிக்காதீர்கள், வயர் இழுபடும். மஞ்சள் வயரில் நீங்களாக மல்டிமீட்டர் வைக்கவே வேண்டாம், அந்தச் சின்னக் கரண்டிலேயே பை வெடிக்கலாம்.

குர்லா பக்கம் ஆப் வழியாக ஏர்பேக் வேலை செய்தவர்கள் இன்றைக்கே முன்சீட்டுகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கையை வைக்காதீர்கள். மஞ்சள் வயரில் கறுப்பு டேப் தெரிந்தால் போட்டோ எடுத்து பில்லோடு எனக்கு அனுப்புங்கள், ஆணையத்தில் சேர்த்தே கொடுக்கிறேன்.